ஆபரேஷன் சக்சஸ் என்றால் யாருக்கு? – கேள்வி பதில்

சில வருடங்கள் ஐ.சி.யூ. டியூட்டி பார்த்துவிட்டு இப்போது மருத்துவ ஆய்வுகளுக்குத் தரவு திரட்டுகிறேன். முதுகெலும்பு அறுவை சிகிச்சை பற்றியும் ஐ.சி.யூ. மானிட்டர்கள் பற்றியும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. யாருடைய ஸ்கேனையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது உங்கள் மருத்துவரின் வேலை.

முதுகுவலிக்காரன்: டிஸ்க் விலகி எட்டு வாரமாகக் காலில் வலி இறங்குகிறது. ஆபரேஷன் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். ஆனால் ஆபரேஷன் செய்யாமல் விட்டால் எத்தனை பேருக்குச் சரியாகும் என்று கேட்டீர்களா? நெதர்லாந்தில் இதையே கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2007இல் வெளியானது. உங்களைப் போல ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் கால்வலியில் இருந்த 283 பேரைக் குலுக்கிப் போட்டு, ஒரு பாதிக்கு உடனே அறுவை, மறுபாதிக்கு மருந்தும் பொறுமையும். ஒரு வருடம் கழித்து இரு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். வித்தியாசம் வேகத்தில்தான்: அறுவைப் பக்கம் பாதிப்பேர் நான்கு வாரத்தில் தேறினார்கள், காத்திருந்த பக்கம் அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் பிறகு கத்திக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஆக, நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நாட்களை. அந்த நாட்கள் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிப்போனாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கணக்கு வாத்தியார்: அமெரிக்காவின் ‘ஸ்போர்ட்’ (SPORT) என்ற முதுகெலும்பு ஆய்வில் அறுவைக்கும் மற்ற சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசமில்லை என்கிறார் ஒருவர். அதே ஆய்வை வைத்தே அறுவைதான் மேல் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரி. இந்த வேடிக்கைக்காகவே அந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். டிஸ்க் நோயாளிகள் 501 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். 2006இல் முடிவைப் பார்த்தால், இரண்டு வருடத்துக்குள் அறுவை என்று சீட்டு விழுந்தவர்களில் 60 சதவீதம் பேர்தான் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சீட்டு விழுந்தவர்களில் 45 சதவீதம் பேர் செய்துகொண்டுவிட்டார்கள்! வலி சீட்டுக்குக் கட்டுப்படுமா?

சீட்டின்படி ஒப்பிட்டால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான்; வித்தியாசம் மங்கித்தான் தெரியும். உண்மையில் செய்துகொண்டவர், செய்துகொள்ளாதவர் என்று பிரித்தால் அறுவை முந்துகிறது. ஆனால் அப்படிப் பிரிக்கும்போதே குலுக்கலின் பலன் போய்விடுகிறது. யார் எதைத் தேர்ந்தார்கள் என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் கணக்குக்குள் புகுந்துவிடும். வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தலைப்பிலேயே ஒரு சந்தேகம்: சக்சஸை எப்படி அளக்கிறார்கள்?

பரவலாக இருப்பது 1980இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாள். பத்துக் கேள்வி, உட்கார முடிகிறதா, தூக்கம் எப்படி, எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று போகும். மொத்தம் 0 முதல் 100. எண் கூடினால் அவதி கூடுகிறது என்று பொருள். நான்கு புள்ளி குறைந்ததைப் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது என்று ஒரு கட்டுரை கொண்டாடலாம். நோயாளிக்கு அது உறைக்காது. பத்துக்கு மேல் குறைந்தால்தான் பொதுவாகப் பொருட்படுத்துகிறார்கள்.

ஒருமுறை ஒரே நாளில் இரண்டு தாள்கள் என் மேசைக்கு வந்தன. ‘எலும்பு நன்றாக இணைந்துவிட்டது’ என்றது மருத்துவர் குறிப்பு. ‘பத்து நிமிடம் உட்கார முடியவில்லை’ என்றது நோயாளியின் தாள். பெயர் ஒன்றுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுதான்.

பேத்தி: பாட்டியின் நொறுங்கிய முதுகெலும்புக்குள் எலும்புச் சிமெண்ட் செலுத்தினார்கள், வலி போய்விட்டது. அதனால் பயனில்லை என்று ஆய்வு சொல்கிறதாமே?

பாட்டிக்கு வலி போனது நிஜம். போக்கியது சிமெண்ட்தானா என்பதே கேள்வி. 2009இல் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்றில் 78 பேர், மற்றொன்றில் 131 பேர். பாதிப்பேருக்கு நிஜ சிகிச்சை, பாதிப்பேருக்கு நடிப்பு. நடிப்பு என்றால் சாதாரண நடிப்பில்லை. நோயாளிக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று சிமெண்ட் டப்பாவைத் திறந்து அந்த வாடையைக்கூட அறையில் பரப்பினார்கள். இரண்டு தரப்புக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. முறிவு ஏற்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே செய்தால் பலன் உண்டா என்ற சண்டை அதன்பிறகும் ஓயவில்லை.

மருத்துவ மாணவன்: தண்டுவடத்தில் அடிபட்டவருக்குச் சராசரி ரத்த அழுத்தத்தை 85க்கு மேல் ஒரு வாரம் வைக்கச் சொல்கிறார்கள். ஏன், சார்?

நல்ல கேள்வி, தம்பி. அடிபட்ட தண்டுவடம் வீங்குகிறது. தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் திறனும் அதற்குப் போய்விடுகிறது. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தால்தான் உள்ளே ரத்தம் போகும். தர்க்கம் இவ்வளவுதான். ஆதாரம் என்னவோ பலவீனமானது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்னச் சின்ன ஆய்வுகள். 2013 வழிகாட்டுதல் 85–90 என்றது. 2024இல் வந்த புதிய பரிந்துரை கீழ் எல்லையை 75–80க்கு இறக்கி, மேல் எல்லையாக 90–95ஐ வைத்து, 3 முதல் 7 நாள் என்றது. அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து சும்மா வருவதில்லை. இதயத் துடிப்பு தடம்புரளலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) 85 என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதே.

இரவு டியூட்டி நர்ஸ்: அலாரம் சத்தத்தில் பைத்தியம் பிடிக்கிறது.

பெரும்பாலானவை பொய் அலாரம்தான், சிஸ்டர். நோயாளியின் மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடைத் தினமும் மாற்றுங்கள். அலாரம் அடிக்கும் எல்லைகளை அந்த நோயாளிக்கு ஏற்ப அமைக்க டாக்டரிடம் கேளுங்கள். அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

மகள்: அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். இன்னும் நிறைய மானிட்டர் மாட்டச் சொல்லலாமா?

இதயம் வழியாக நுரையீரல் தமனிக்குள் குழாய் விட்டு அளக்கும் முறை 1970இல் அறிமுகமாகி, பல வருடம் ராஜாவாக இருந்தது. பிரிட்டனில் 1,041 பேரிடம் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள்: குழாய் விட்டாலும் விடாவிட்டாலும் இறப்பு விகிதம் ஒன்றுதான். எண் தெரிந்தபின் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாவிட்டால் எண் எதற்கு? மானிட்டரை விட்டுவிட்டு, “இன்று அப்பாவுக்கு எதை மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள்.

கடைசியாக: ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரட்டுமா?

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். சேர்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு வருடம் கழித்து நாங்கள் போன் செய்தால் எடுங்கள். குணமானவர் மறந்துவிடுகிறார், குணமாகாதவர் கோபத்தில் எடுப்பதில்லை. எடுக்காதவர்களில் யார் எத்தனை பேர் என்று தெரியாமல்தான் நாங்கள் சதவீதம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.