வாசகர் கேள்விகள்: கல் கூரை ஊரின் இரண்டு பிள்ளைகள்

கேள்வி: அல்பேனியாவை ஆண்ட என்வர் ஹோஜாவும் எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயும் ஒரே ஊர்க்காரர்களாமே?

பதில்: ஆமாம். தெற்கு அல்பேனியாவில், ட்ரினோ பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிரோகாஸ்தர். ஹோஜா 1908இல் பிறந்தார், கதாரே 1936இல். ஹோஜா 1944 முதல் 1985இல் சாகும்வரை பிடியைத் தளர்த்தவில்லை. 1967இல் மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டார். அந்தக் கம்யூனிச ஆட்சிக்குள்ளேயே இருந்து எழுதியவர் கதாரே. நடப்பு அரசியலைச் சொல்ல ஆட்டமன் சுல்தான்களின் காலத்தைத் திரையாகப் போட்டுக்கொண்டார். ‘இவரும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்தானே’ என்று கேட்பார்கள். உட்கார்ந்திருந்தார்தான். ஆனால் அவருடைய ‘கனவுகளின் மாளிகை’ நாவலைத் தடை செய்ததும் அதே அரசுதான். எல்லோரும் சிறைக்குப் போயே தீரவேண்டும் என்று தூரத்தில் இருப்பவர்கள் சொல்வது எளிது. நான் கதாரே கட்சி.

1990இல் பிரான்சில் அடைக்கலம் கேட்டார். 2005இல் முதல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தது. யுனெஸ்கோ இந்த ஊரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அதே வருடம். கதாரே 2024இல் காலமானார்.

ஹோஜா பிறந்த வீடு 1916இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் 1966இல் எழுப்பிய வீட்டில் இப்போது இருப்பது மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகம். தலைவரைத் தேடிப் போகிறவர்கள் கம்பளங்களையும் வீட்டுச் சாமான்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் யார் பக்கம்?

பதில்: ஊரை யார் கேட்டார்கள்? 1939இல் இத்தாலி வந்தது. 1940 டிசம்பரில் கிரேக்கப் படை பிடித்தது, அடுத்த ஏப்ரலில் மறுபடி இத்தாலி, 1943இல் ஜெர்மனி. கிரேக்கர்கள் நுழைந்தபோது கதாரேவுக்கு நான்கு வயது. பின்னாளில் அந்த நாட்களை ஒரு சிறுவனின் கண்வழியாக நாவலாக்கினார்.

கேள்வி: கூரைக்குக்கூடக் கல்லா?

பதில்: கல்தான். மலையில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து அடுக்குகிறார்கள். அவ்வளவு பாரத்தையும் தாங்குவது மரச்சட்டங்கள். ஓரிடத்தில் நீர் இறங்கி மரம் உளுத்துவிட்டால் கூரை உள்ளே விழும். கம்யூனிச ஆட்சி போனபின் பலர் கிரீஸுக்கும் இத்தாலிக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். பராமரிக்க ஆளில்லாத பெரிய வீடுகள் இடிந்தன. இந்த ஊரைப் பற்றி எனக்கு உண்மையான கவலை இதுதான், ஹோஜா அல்ல.

கேள்வி: கோட்டையில் ஒரு அமெரிக்க விமானம் நிற்கிறதே?

பதில்: 1957இல் அல்பேனியாவில் தரையிறங்க நேர்ந்த பயிற்சி விமானம் அது. வழி தவறியது என்றது அமெரிக்கா, உளவு பார்க்க வந்தது என்றது ஹோஜா அரசு. விமானியை அனுப்பிவிட்டு விமானத்தை வைத்துக்கொண்டார்கள். 1968 முதல் தேசிய நாட்டுப்புறக் கலைவிழா நடப்பதும் இதே கோட்டையில்தான். அங்கே கூட்டமாகப் பாடும்போது சிலர் மட்டும் அடியில் ஒரே சுருதியை விடாமல் பிடித்து நிற்பார்கள். ஒலிப்பதிவு கிடைத்தால் முதலில் அதைக் கேளுங்கள், விமானத்தை அப்புறம் பார்க்கலாம்.