ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப் தாங்கும்?

கேள்வி: குழலை மடக்கி ஏற்றும் .177 (4.5 மி.மீ.) ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன்கண்ணாடி) மாட்டியிருக்கிறேன். முதல் 200 பெல்லட் வரை 20 மீட்டரில் ஒரே இடத்தில் குவிந்தது. இப்போது ஒன்று இடது பக்கம் போகிறது, அடுத்தது 3 செ.மீ. கீழே இறங்குகிறது. குறுக்குக்கம்பியும் லேசாகச் சாய்ந்து தெரிகிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையையே தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இன்னும் விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா?

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். குறுக்குக்கம்பி சாய்ந்திருக்கும் அதே அளவுக்கு மேலே உள்ள டரட்டும் (குறியை நகர்த்தத் திருகும் குமிழ்) சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் ஸ்கோப், அதைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குக்குள் சுழன்றிருக்கிறது, அவ்வளவுதான். டரட் நேராக நிற்க, கம்பி மட்டும் சாய்ந்திருந்தால் உள்ளே பிடிப்பு விட்டுப்போய்விட்டது. அது வெளியிலிருந்து திருகிச் சரிசெய்யக்கூடிய பழுது அல்ல. ஸ்கோப்பைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் பல நேரம் 'கிலுக்' என்று கேட்கவும் செய்யும்.

'வேட்டைத் துப்பாக்கிக்கே தாங்கும்' என்ற வாக்கு பொய்யில்லை, ஆனால் உங்கள் ரைஃபிளுக்குப் பொருந்தாது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டுமே உதைக்கும். அதற்கான ஸ்கோப்பில் லென்ஸ்களையும் உட்குழலையும் அந்த ஒரு திசைக்கு முட்டுக் கொடுத்துத்தான் பொருத்துவார்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் கதை வேறு. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னால் நகர்கிறது. அறையின் முனையில் காற்று இறுகி பிஸ்டனை மறிக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் வெடுக்கென்று முன்னால் இழுபடுகிறது. இந்த இரண்டாவது இழுப்புதான் ஸ்கோப்பைக் கொல்வது. முன்னதைவிடக் குறுகிய நேரத்தில், முன்னதைவிடக் கூர்மையாக, முட்டே இல்லாத திசையில் வருகிறது. தோளில் உதை லேசாகத்தானே இருக்கிறது என்று நினைப்பது இங்கே செல்லாது.

ஆகவே துப்பாக்கி கனமாக இருந்தால் ஸ்கோப்புக்கு நல்லது; எடை குறைந்த உடலில் முரட்டு ஸ்பிரிங் இருப்பதுதான் மோசமான சேர்க்கை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயு பிஸ்டனைத் தள்ளும் கேஸ் ராம் வைத்த ரைஃபிளில் ஸ்பிரிங்கின் அதிர்வொலி இருக்காது, ஆனால் இருதிசை உதை அப்படியே உண்டு. வெட்டு இன்னும் கூர்மையாகவும் இருக்கலாம். டயானா 54 இன்னும் வேடிக்கை. அதன் இயக்கப்பகுதி தண்டவாளத்தில் சறுக்குவதால் தோளுக்கு உதையே தெரியாது. ஆனால் ஸ்கோப் உட்கார்ந்திருப்பது அந்தச் சறுக்கும் பகுதியின் மேல். சுடுபவர் தப்பிக்கிறார், ஸ்கோப் முழு அடியையும் வாங்குகிறது.

வாங்கும்போது 'ஏர்கன் ஸ்கோப்' என்ற முத்திரையோடு நின்றுவிடாதீர்கள். முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும், உதை ஏறக்குறைய இல்லாத பி.சி.பி. ரைஃபிளும் ஏர்கன்தான். பல பெட்டிகளில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், பக்கத்து இலக்குக்கும் ஃபோகஸ் ஆகும் என்பது மட்டுமே. 'ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளில் மாட்டினால் வாரண்டி செல்லுமா?' என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தயாரிப்பாளர் அதற்கு மழுப்பினால் விலை எதுவானாலும் விட்டுவிடலாம்.

அடுத்தது எடை. 500 கிராமுக்கு மேல் போக வேண்டாம், 400-க்குள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கோப் கனக்கக் கனக்க, முன்னிழுப்பின்போது, ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும் மவுண்டைப் பின்னால் தள்ளும் விசையும் கூடும். 50 மி.மீ. முன்கண்ணாடியும் 6-24 உருப்பெருக்கமும் கடை அலமாரியில் கம்பீரமாக இருக்கும். 15 முதல் 40 மீட்டர் வரை சுடுபவருக்கு அவை வெறும் சுமை. 2-7×32 அல்லது 3-9×40 தாராளமாகப் போதும். உருப்பெருக்கமே மாறாத 4×32-இல் அசையும் பாகம் குறைவு. இலக்கு 20 மீட்டருக்குள் என்றால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை.

குறுக்குக்கம்பி மெல்லிய கம்பியாக இல்லாமல், கண்ணாடியில் பொறித்ததாக இருக்கட்டும். கம்பி அறுந்துபோகலாம், பொறித்த கோட்டுக்கு அந்தப் பயமில்லை. உள்ளே ஒளிரும் விளக்கு அவசியமில்லை. கூடுதல் பாகம் என்றால் கழன்றுவிழக் கூடுதலாக ஒன்று.

பேரலாக்ஸ் சரிசெய்யும் வசதியில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். பேரலாக்ஸ் என்பது கண் நகர்ந்தால் குறியும் இலக்கின் மேல் நகர்ந்து தெரியும் பிழை. வெடிமருந்துத் துப்பாக்கி ஸ்கோப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 90 மீட்டருக்கு, நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். 40 மி.மீ. முன்கண்ணாடியுள்ள அப்படி ஒரு ஸ்கோப்பில் 25 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது கண் ஓரத்துக்குப் போய்விட்டால், குறி 14 மி.மீ. வரை பிசகும். கணக்கு எளிது: முன்கண்ணாடியின் பாதி விட்டமான 20-ஐ, தூர வித்தியாசமான 65-ஆல் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். ஸ்கோப் பழுது என்று தூக்கிப்போட்டவற்றில் சில உண்மையில் இந்தப் பிழைதான். 10 மீட்டர் வரை இறங்கும் அனுசரிப்பு வளையம் முன்புறத்திலோ பக்கத்திலோ இருக்க வேண்டும்.

இனி, நல்ல ஸ்கோப்பையும் வீணாக்கும் விஷயம். குழலை மடக்கும் ரைஃபிள்களில் குழல் கொஞ்சம் தலைகுனிந்திருப்பது சகஜம். பெல்லட் கீழே விழும், நாம் மேல் டரட்டைத் திருகிக்கொண்டே போவோம். உள்ளே நடப்பது இது: உட்குழலை ஒரு பக்கம் டரட் திருகாணி அழுத்த, எதிர்ப்பக்கம் ஒரு சிறு ஸ்பிரிங் தாங்கிப் பிடிக்கிறது. டரட்டை எல்லை வரை ஏற்றிவிட்டால் அந்தச் சிறு ஸ்பிரிங் தளர்ந்துபோகும், உட்குழல் ஒவ்வொரு உதைக்கும் ஓர் இடத்தில் உட்காரும். நீங்கள் சொல்லும் 'இடது ஒன்று, கீழே ஒன்று' இதனாலும் வரும். முதலில் டரட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கிளிக் எண்ணித் திருகி, பாதியில் நிறுத்துங்கள். பக்கவாட்டு டரட்டுக்கும் அப்படியே. அந்த நிலையில் சுட்டுப் பார்த்து, குறைவதை மவுண்டில் ஈடுகட்டுங்கள். ரிங்குகளுக்கிடையே 100 மி.மீ. இருந்தால், பின் ரிங்குக்கு அடியில் 0.1 மி.மீ. தகடு வைத்தால் 25 மீட்டரில் பெல்லட் படும் இடம் 25 மி.மீ. மேலேறும். பழைய புகைப்படச் சுருளில் ஒரு துண்டு இதற்கு நன்றாக உதவும். இரண்டு துண்டுக்கு மேல் தேவைப்பட்டால் நிறுத்திவிட்டு, சாய்வு ஈடுகட்டும் மவுண்டையோ உயரம் மாற்றக்கூடியதையோ வாங்குங்கள். தகடு கூடினால் ஸ்கோப் குழாயே வளையும்.

மவுண்ட் ஒரே துண்டாக, ரைஃபிளின் மேலுள்ள 11 மி.மீ. பள்ளத்தைப் பிடிப்பதாக, நிறுத்து முள் உள்ளதாக இருக்கட்டும். அந்த முள் ரைஃபிளின் மேலுள்ள குழியில் இறங்கி நிற்க வேண்டும், சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. இரண்டு தனி ரிங்குதான் என்றால் முள் உள்ளதைப் பின்னால் போடுங்கள், ஏனெனில் ஸ்கோப் ஊர்வது பின்னோக்கி. குழியே இல்லாத ரைஃபிளானால் பின் ரிங்கை ஒட்டி ஒரு தனி நிறுத்துக்கட்டை வைக்கலாம்.

மாட்டும்போது பள்ளத்தையும் ரிங்கின் உட்புறத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். ரிங் மூடியின் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். இருபுறமும் இடைவெளி சமமாக வர வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். வலது கையின் முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கி, உருப்பெருக்க வளையம் இறுகிக்கொள்ளும். கடைசியில் பள்ளத்திலிருந்து மவுண்டுக்கும், ரிங்கிலிருந்து குழாய்க்கும் நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். பெல்லட் படும் இடம் விலகினால் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் குற்றம் மவுண்டுடையது.

கோடு உடையவில்லை என்றாலும் உடனே ஸ்கோப்பைக் குறைசொல்லக் கூடாது. துப்பாக்கியின் கைப்பிடிக் கட்டையிலுள்ள திருகுகள் தளர்வது ஸ்பிரிங் ரைஃபிளின் பிறவிக்குணம். குழல் மடியும் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா, பெல்லட் மாற்றினீர்களா என்றும் பாருங்கள். பிறகு ஒரு சதுரச் சோதனை: 25 மீட்டரில் 5 பெல்லட் சுட்டு, 20 கிளிக் வலது, 20 கீழே, 20 இடது, 20 மேலே என்று ஒவ்வொன்றுக்கும் 5 சுடுங்கள், எப்போதும் ஒரே புள்ளியைக் குறிவைத்து. ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் அந்தத் தூரத்தில் 1.8 மி.மீ., எனவே பக்கம் ஒவ்வொன்றும் 36 மி.மீ. வர வேண்டும். கடைசி ஐந்து முதல் ஐந்தின் மேல் விழாவிட்டால் அந்த ஸ்கோப்பை நம்ப முடியாது.

புது ஸ்கோப்பை அன்றே மாட்ட அவசரப்பட வேண்டாம், ரைஃபிளும் புதிது என்றால். தொழிற்சாலை எண்ணெய் அறைக்குள் எரிந்து புகையும் உரத்த சத்தமும் வரும் முதல் 200 பெல்லட்டுகளை ஸ்கோப் இல்லாமல், ரைஃபிளோடு வரும் இரும்புக் குறியிலேயே சுட்டுத் தீருங்கள். எண்ணெய் எரியும் அடி வழக்கத்தைவிடப் பலமானது. அதே காரணத்தால் அறைக்குள் சாதா எந்திர எண்ணெய் ஒரு சொட்டுகூட விடக்கூடாது. பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. மறிக்கக் காற்று நிற்காததால் பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும். சீல், ஸ்பிரிங், ஸ்கோப் மூன்றுக்கும் ஒரே அடி.

பழைய ஸ்கோப் மலிவாகக் கிடைத்தாலும், அது முன்பு எந்த ரைஃபிளில் இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதில் டரட் நேராக இருந்து கம்பி மட்டும் சாய்ந்திருந்தால், வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். துப்பாக்கி எந்த வகை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.