தம்பி ரத்தத்துல வைரஸ் இருந்துச்சாம், ஊர் ஒரு மாதிரி பேசுது

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்கு தொண்டி பக்கம். போன மாசம் என் தம்பி, 24 வயசு, கடலுக்குப் போயிட்டு வந்து பைக்ல வீட்டுக்கு வரும்போது ஈசிஆர் ரோட்டுல விழுந்து தலைல அடி. மதுரைல ஒரு ஆஸ்பத்திரில மூளைச்சாவுன்னுட்டாங்க. அம்மா அழுதுகிட்டே உறுப்பு தானத்துக்கு கையெழுத்து போட்டுச்சு. அப்புறம் மஞ்சக்காமாலை வைரஸ், ஹெபடைட்டிஸ் பி இருக்கு, எடுக்க முடியாதுன்னு ஒருத்தர் வராண்டால எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லிட்டாரு. இப்ப ஊர்ல அவனைப் பத்தி தப்பா பேசுறாங்க. அவனுக்கு காமாலையே வந்ததில்ல, டெஸ்ட் தப்பா? நான் இப்ப ஏழு மாசம்.

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். அந்த வராண்டால நடந்தது பெரிய தப்பு. ரத்த ரிசல்ட்ட வீட்டு ஆளுங்களத் தனியா உக்கார வச்சுதான் சொல்லணும்.

டெஸ்ட் தப்பா இருக்க வாய்ப்பு கம்மி. மூளைச்சாவ நாலு டாக்டருங்க ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவ பாத்துதான் உறுதி பண்ணணும், அதுக்குள்ளயே எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி எல்லாம் பாத்துருவாங்க. ஐசியுல சலைன், ரத்தம்னு நெறைய ஏத்தியிருந்தா ரத்தம் நீத்துப்போயி இருக்குற வைரஸ் தெரியாமப் போகலாம், அதான் ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் இருக்கான்னு தேடுவாங்க. ஆனா இல்லாத வைரஸ இருக்குன்னு காட்டுறது அபூர்வம்.

உறுப்பு வாங்குறவங்க அது உடம்புல நிலைக்கணும்னு எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மாத்திரைய காலம் பூரா சாப்பிடணும், அந்த உடம்புல இந்த வைரஸ் போனா ஈரலையே அழிச்சிரலாம். ஹெபடைட்டிஸ் சி-னா இப்ப 12 வார மாத்திரைல பெரும்பாலும் குணமாயிரும், பி அப்படி இல்ல, அடக்கி வைக்கத்தான் முடியும். அதனாலதான் வேணாம்னாங்க, உங்க தம்பி மேல எந்தக் குறையும் இல்ல. அம்மா போட்ட கையெழுத்துக்கும் மதிப்பு கொறையல.

ஊர் பேசுறதுக்கு வர்றேன். நம்ம நாட்டுல இந்த வைரஸ் பலருக்கு பொறக்கும்போதே தாய்கிட்ட இருந்து வந்துருது, வருசக்கணக்கா ஒரு அறிகுறியும் காட்டாது. இதுக்கான தடுப்பூசி நாடு முழுக்க குழந்தைகளுக்கு வந்ததே 2011லதான், உங்க தம்பி அதுக்கு ரொம்ப முன்னாடி பொறந்தவரு. போட்டுல ஒரே பிளேடுல நாலு பேரு சவரம் பண்ணாலும், சரியா சுத்தம் பண்ணாத ஊசில பச்சை குத்தினாலும் வரும். ஒரே தட்டுல சாப்பிட்டா, ஒரே வல்லத்துல படுத்தா வராது. இத யார் கேட்டாலும் தைரியமா சொல்லுங்க.

இப்ப எனக்கு கவலையே உங்களப் பத்தித்தான். தம்பிக்கு அம்மா வழியா வந்திருந்தா உங்களுக்கும் இருக்கலாம், நாளைக்கே அம்மாவக் கூட்டிட்டு ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, 2018ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்துல இதுக்கு டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். இல்லைன்னு வந்தா வீட்டுல எல்லாரும் மூணு டோஸ் ஊசி போட்டுக்கோங்க. இருக்குன்னு வந்தாலும் பயப்படாதீங்க, தேவைப்பட்டா வைரஸக் குறைக்க உங்களுக்கு மாத்திரை தருவாங்க. பிரசவத்துக்குப் போற எடத்துல இத முன்கூட்டியே சொல்லி வைங்க, குழந்தை பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியும் அதோட இம்யூனோகுளோபுலின் (வைரஸ உடனே எதிர்க்கிற, தயாரா இருக்குற எதிர்ப்புப் பொருள்) ஊசியும் போடணும், அந்த இம்யூனோகுளோபுலின் எல்லா எடத்துலயும் கைவசம் இருக்காது, ஏழு மாசம்ங்கிறதால அங்க கிடைக்குமான்னு இப்பவே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.