லொறி சங்கதி: பொக் லைட் பூட்டப் போறீங்களா?

கேள்வி: அண்ணே வணக்கம். பழைய கேன்டர் ஒண்ணு எடுத்து நுவரெலியாவுல இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துறேன். ராவுல டொப்பாஸ் தாண்டி ரம்பொட எறக்கத்துல பனி மூடிருச்சுன்னா பொனட் இல்லாத லொறியில கண்ணாடிக்கு முன்னாடியே ஒண்ணும் தெரியல, அதான் பொக் லைட் ஒரு ஜோடி வாங்கிட்டேன். பொட்டியில 12 வோல்ட், 55 வாட், எச்3னு போட்டிருக்கு. லொறி 24 வோல்ட். கூட ஓடுற பையன் ரெண்டு பெட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் லைன் எடு, 12 வந்துரும்ங்கிறான். வயரிங் நான் செஞ்சதே இல்ல, ஆனா இத நானே பூட்டிப் பாக்கணும்னு ஆச. செய்யலாமா?
வாசகர், நானுஓயா

பதில்: தாராளமா செய்யலாம் தம்பி, அந்தப் பையன் சொன்னத மட்டும் விட்ருங்க. அவன் சொல்றது பொய்யில்ல, ஒரு பெட்டரியில இருந்து எடுத்தா 12 வரத்தான் செய்யும், லைட்டும் பளிச்சுன்னு எரியும், ஒரு மாசம் கழிச்சுத்தான் வெவகாரம் தெரியும். ரெண்டு பெட்டரியும் வரிசையா கோத்து இருக்கு, பெட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் ரெண்டையும் சேத்து மொத்தமா ஒரு 28 வோல்ட்டு வந்துருச்சான்னுதான் பாக்கும், எந்தப் பக்கம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. நீங்க ஒரு பெட்டரிய மட்டும் ராவெல்லாம் உறிஞ்சினா அது எப்பவும் அரைவயிறாவே கெடக்கும், மத்ததுக்கு அளவுக்கு மேல ஏறி தண்ணி கொதிச்சு வத்தும். கடைசியில ரெண்டும் போயிரும். ரேடியோவுக்கு இப்பிடி எடுத்தவங்களே பொலம்புறாங்க, 110 வாட் லைட்டுக்கு எடுத்தா கேக்கவே வேணாம்.

ரெண்டு லைட்டையும் வரிசையா கோத்து 24ல குடுத்தா ஆளுக்கு 12 வந்துருமேன்னு அடுத்து ஒருத்தன் சொல்லுவான். அதுவும் கணக்குக்கு சரி. ஆனா எச்3 பல்புல வெளிய வர்ற வயர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அதோட மத்த முனை பல்போட அடித்தகடுதான், நெறைய லைட்டுல அது அப்பிடியே கூடு வழியா பம்பருக்கு எர்த் ஆயிரும், அதாவது லொறி இரும்பு வழியா பெட்டரி நெகட்டிவோட சேந்திரும். அப்ப மொதல் லைட்டுலயே கரண்டு எர்த்துக்கு எறங்கி, 12 வோல்ட் பல்புக்கு 24ம் கெடச்சு, கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள பல்பு போயிரும்.

லைட்ட திருப்பிக் குடுக்க வேணாம், பல்ப மட்டும் மாத்துங்க. அதே எச்3 அளவுல 24 வோல்ட் 70 வாட் பல்பு இருக்கு, அதே எடத்துல உக்காரும். ஆனா லைட்டோட மொகம் கண்ணாடியா பிளாஸ்டிக்கான்னு நகத்தால தட்டிப் பாருங்க. பிளாஸ்டிக்கா இருந்தா 70 வாட் சூட்டுக்கு உருகலாம், அப்ப 9ல இருந்து 32 வோல்ட் வரைக்கும்னு போட்ட எல்ஈடி வாங்கிக்கிறதுதான் நல்லது. ரிலேயும், அதான் சுவிட்சோட சின்னக் கரண்ட வச்சு லைட்டோட பெரிய கரண்ட போட்டு அமத்துற குட்டிப் பொட்டி, கூட வந்திருந்தா அது மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்குங்க, 12 வோல்ட்னா உள்ள இருக்கற சுருள் 24க்கு தாங்காது, 24 வோல்ட் ரிலேயா வாங்குங்க.

இனி வயரிங். மொதல்ல பெட்டரி நெகட்டிவ கழட்டிருங்க. ரெண்டு பெட்டரியும் சேந்து 24 வர்ற பொசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தள்ளி பியூஸ், அதுக்கு மேல தள்ளக் கூடாது. ரெண்டு 70 வாட்டுக்கு 24ல கிட்டத்தட்ட 6 அம்பியர் போகும், 10 அம்பியர் பியூஸ் போதும், வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டுக்குங்க. பியூஸ்ல இருந்து வர்ற லைன் ரிலேயில 30ங்கிற காலுக்கு, 87ல இருந்து ரெண்டு லைட்டுக்கும், 85 எர்த், 86 சுவிட்சுக்கு. நடுவுல 87ஏன்னு ஒரு கால் இருந்தா அத சும்மா விட்ருங்க, தெரியாம அதுல மாட்டிட்டீங்கன்னா சுவிட்ச அமத்தினா எரியும் போட்டா அணையும், பேய் புடிச்ச மாதிரி. சுவிட்சுக்கு லைன் பார்க் லைட் வயர்ல இருந்து எடுங்க, பார்க் லைட்ட அமத்தும்போது இதுவும் அணைஞ்சிரும், மறந்து தூங்கிட்டாலும் விடிய பெட்டரி இருக்கும். ஹெட் லைட் வயர்ல மட்டும் கை வைக்காதீங்க, அந்த சுவிட்சும் வயரும் அதோட சொந்த லைட்டுக்கு மட்டும் அளவெடுத்து போட்டது.

கேன்டர்ல இன்னொரு கூத்து இருக்கு. பம்பர் சேஸியோட நிக்கும், கெபின் மட்டும் முன்னாடி கவுறும். அதனால ரிலேய சேஸிப் பக்கம் தண்ணி படாத எடத்துல வச்சிட்டு, சுவிட்சுக்குப் போற மெல்லிய வயர மட்டும் கெபினுக்கு ஏத்துங்க, கீல் கிட்ட ஒரு வளையம் தொங்கற அளவு விட்டுட்டு கெபின ஒருதரம் முழுசா கவுத்துப் பாத்துட்டு கட்டுங்க. வயர் எல்லாம் கொண்டியூட்டுக்குள்ள, அதான் வயர மூடுற குழாய்க்குள்ள, போகணும், சைலன்சர் பைப்புக்கு எட்டத்துல. இத ஏன் இழுத்துச் சொல்றேன்னா, நான் கத்துக்கிட்ட காலத்துல பியூஸ் இல்லாம, கொண்டியூட் இல்லாம, சேஸி ஓட்டை ஒண்ணு வழியா வயர சும்மா விட்டு ஒரு லொறிக்கு பூட்டினேன். அந்த ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி. புசல்லாவ ஏத்தத்துல லீக்ஸ் லோடோட போயிக்கிட்டு இருக்கும்போது சீட்டுக்கு அடியில பொகை. பெட்டரி டெர்மினல கையால புடுங்கினேன், உள்ளங்கையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

பூட்டி முடிச்சதும் சமதரையில சுவத்துக்கு 10 மீட்டர் தள்ளி நிப்பாட்டி, தரையில இருந்து லைட்டோட உசரத்த அளந்து சுவத்துல சோக்கட்டியால கோடு போடுங்க. வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10, 20 சென்டிமீட்டர் கீழ விழணும். பனியில ஹை பீம் போட்டா வெள்ளத் துணி கட்டின மாதிரி ஆகுறது ஏன், வெளிச்சம் பனித்துளியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்புறதாலதான். பொக் லைட்டு தாழ நின்னு, அகலமா, ரோட்ட மட்டும் தடவிக்கிட்டு போகணும். கூரையில ஏத்தி வச்சா அது பொக் லைட்டே இல்ல, எதுக்க வர்ற பஸ்காரன் வாயில நீங்கதான் விழுவீங்க.

கேள்வி: மஞ்சள் பல்பு பனிய ஊடுருவும்ங்கிறாங்களே, உண்மையா?
வாசகி, அப்புத்தளை

பதில்: இல்லங்க அக்கா. பனித்துளி ரொம்பப் பெருசு, வெளிச்சத்தோட அலை அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அதனால மஞ்சளையும் வெள்ளையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செதறடிக்கும். மஞ்சள் கொஞ்சம் கண்ணு கூசாம இருக்குன்னு நெறைய டிரைவர்மார் சொல்றாங்க, எனக்கும் அப்பிடித்தான் படுது, புடிச்சா போடுங்க. ஆனா நீலம் கலந்த வெள்ளையில வர்ற மலிவு எல்ஈடிய மட்டும் வாங்காதீங்க, மழையில நனைஞ்ச கறுப்பு ரோடு அந்த வெளிச்சத்த முழுங்கிரும்.

கேள்வி: என் டிமோ பட்டா குட்டி லொறிக்கு பொக் லைட் பூட்டி மூணு மாசம். இப்ப ஒரு பக்கம் மங்கலா எரியுது, சிக்னல் போட்டா அதுவும் சேந்து துடிக்குது. பல்பு மாத்தியும் சரி வரல.
வாசகர், பொகவந்தலாவை

பதில்: எர்த்து தம்பி, வேற ஒண்ணுமில்ல. பெயின்ட் மேலயே நட்ட முறுக்கியிருப்பீங்க, மழத்தண்ணி எறங்கி துரு புடிச்சிருக்கும், கரண்டு திரும்பிப் போக வழி இல்லாம சிக்னல் லைட் வழியா தேடுது. லைட்டப் போட்டுட்டு வோல்ட் மீட்டரோட ஒரு முனைய லைட்டோட எர்த் வயர்லயும் மத்தத பெட்டரி நெகட்டிவ்லயும் வைங்க. அர வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த எடத்த இரும்பு மினுங்கற வரைக்கும் சுரண்டி, வயர் முனையில லக்குங்கிற வளையம் போட்டு, பல்லு வாஷரோட இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. அப்பிடியே மத்த பக்கத்தையும் செஞ்சிருங்க, அடுத்த மழைக்கு அதுதான்.