பால்மாவுக்குக் கடன் வேண்டாம், தங்கையே

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடை வேலை. மூன்று மாதமாகப் பணம் ஒழுங்காக வரவில்லை. மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு ஒரு வயதும் நான்கு மாதமும். அவன் நிறை குறைந்துவிட்டதென்று கிளினிக்கில் எல்லோர் முன்னும் ஏசினார்கள். இரண்டு மாதமாக அங்கே போகவில்லை. ரொட்டியைத் தேத்தண்ணீரில் நனைத்துக் கொடுக்கிறோம். எனக்குப் பல நாள் இரவுச் சாப்பாடு இல்லை. 'உன் பாலில் சத்தில்லை, மறக்கடித்துவிட்டுப் பால்மா கொடு' என்கிறார் மாமியார். கடையில் கடன் தருவார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தங்கையே. 400 கிராம் பால்மாப் பக்கற் ஒன்று ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கடனுக்கு வாங்கியதை யாருக்கும் தாராளமாகக் கரைக்க மனம் வராது. பிள்ளை குடிப்பது வெள்ளைத் தண்ணீராகத்தான் இருக்கும். போத்தல் சுத்தமில்லாவிட்டால் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் மெலிந்திருந்தாலும் உங்கள் பாலில் சத்து இருக்கிறது. இரண்டு வயதுவரையும் அதற்குப் பிறகும் கொடுக்கலாம். மலைக்குப் போகுமுன் ஒருமுறை, வீடு திரும்பியதும் ஒருமுறை, இரவில் அவன் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். மாமியாரோடு மட்டும் சண்டை வேண்டாம். பகல் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தான். இந்தப் பதிலை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நிறுத்த வேண்டியது தேத்தண்ணீரைத்தான். அது சின்ன வயிற்றை நிரப்பிவிடுகிறது, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சரியாகச் சேரவிடுவதில்லை. கடன் வாங்கத் துணிந்த பணத்தில் கொஞ்சத்தை முட்டைக்கும் மைசூர்ப் பருப்புக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் திருப்புங்கள். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் குழைய வேகவைத்து, கரட்டோ கீரையோ சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். கஞ்சியாக ஓடக் கூடாது. கரண்டியைச் சரித்தாலும் வழியாமல் நிற்க வேண்டும். நெத்தலியை ஊறவைத்து உப்பைப் போக்கி, வறுத்துத் தூளாக்கி அதில் கலக்கலாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை உணவு வேண்டும். இடையில் அவித்த உருளைக்கிழங்கோ வாழைப்பழமோ கொடுங்கள். மூத்தவளுக்கும் இதே சட்டியிலிருந்து போடுங்கள், தனிச் சமையல் தேவையில்லை. ஒரு முட்டைதான் இருக்கிறதென்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, கிளினிக்குக்குப் போகாத அந்த இரண்டு மாதம். எல்லோர் முன்னும் ஏசியது தவறு. ஒரு தாயை அப்படிக் கூசவைக்க எவருக்கும் உரிமையில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17தான். பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. 2021இல் 1,000 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ஆவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடுக்கும் கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இதையெல்லாம் உங்கள் குற்றமென்று சுமக்காதீர்கள்.

ஆனால் அடுத்த கிளினிக் நாளில் கட்டாயம் போங்கள். குடும்பநல மாதுவைத் தனியாகச் சந்தித்து, வீட்டு நிலைமையை எனக்கு எழுதியதுபோலவே சொல்லுங்கள். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ என்ற சத்துமாவை இலவசமாகக் கொடுப்பார்கள். பங்கு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அது சின்னவனுடையது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கவில்லையென்றால் கிராம உத்தியோகத்தரையும் பாருங்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால், சாப்பிட மறுத்தால், இரண்டு பாதங்களும் வீங்கினால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரவுச் சாப்பாட்டை விடுகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பாலும் கொடுத்து, மழையில் மலையேறிக் கொழுந்தும் எடுக்கிற உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இன்றிரவு பிள்ளைகளுக்குப் போடும்போதே உங்கள் தட்டிலும் போட்டுவிடுங்கள். கணவருக்கும் தொலைபேசியில் நிறைக் கணக்கைச் சொல்லுங்கள். மகன் மெலிந்திருப்பது அவருக்கும் தெரிய வேண்டும்.