டூட்டி மாறும்போது கட்டிலருகே என்ன பேசுவது?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் பொது வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். முன்பு டூட்டி மாறும்போது நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓவர் கொடுப்போம், அதாவது அடுத்து வரும் சிஸ்டரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைப்போம். மூன்று மாதமாக ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்க் கொடுக்கிறோம். நோயாளிகளின் திருப்தி கூடும் என்றார்கள். கருத்துப் படிவத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நேரம்தான் போகிறது என்று சிஸ்டர்கள் வருத்தப்படுகிறார்கள். தொடரலாமா?

பதில்: தொடருங்கள். அதற்கு முன் ஒருநாள் காலை ஓவரின்போது தள்ளி நின்று பாருங்கள். இரண்டு சிஸ்டர்களும் கட்டிலின் கால்மாட்டில் நிற்பார்கள், கண் கேஸ் ஷீட்டில் இருக்கும். "ஆறாம் பெட், போஸ்ட் ஆப் இரண்டாவது நாள், நைட் ஒரு ஸ்பைக் இருந்தது" என்று ஓடும். படுத்திருப்பவருக்கு அது காய்ச்சல் ஏறிய கதை என்று தெரியாது. ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று பயந்துபோவார். ஸ்டேஷனில் பேசியதையே கட்டிலருகே வந்து பேசினால் திருப்தி கூடாது, குறையக்கூட வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் எச்கேப்ஸ் என்ற நோயாளர் கருத்தாய்வின் முடிவுகளை 2008 முதல் மருத்துவமனைவாரியாக வெளியிடுகிறார்கள். நர்ஸ்களைப் பற்றி அதில் முக்கியமாக மூன்று கேள்விகள்: மரியாதையாக நடத்தினார்களா, நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா, புரியும்படி விளக்கினார்களா. ஒழுங்காகச் செய்த ஓவரில் இந்த மூன்றும் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும். அதனால் தலைமாட்டுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். டூட்டி முடிந்து போகிறவர், "அம்மா, நான் கிளம்புறேன். சாயந்திரம் வரை இந்த சிஸ்டர்தான் உங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்யட்டும். அப்புறம் ராத்திரி எப்படி இருந்தது, இன்று என்ன பரிசோதனை, எப்போது சாப்பிடலாம் என்பதைத் தமிழிலேயே சொல்லட்டும். கடைசியில், "நாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்க வேண்டும். அந்த ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடிக்கும் என்று கூட இருக்கும் மனைவி சொல்வது பல சமயம் அந்த நொடியில்தான். அதற்குள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

பேசும்போதே டிரிப் ஓடும் வேகம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், யூரின் பை, கசிவு வெளியேறும் டிரெயின் குழாய் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். நேரம் இழுப்பது வரிசை இல்லாமல் பேசுவதால். எஸ்பார் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: இப்போதைய நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, செய்ய வேண்டியது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் பழக்கத்திலிருந்து எடுத்து, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் மருத்துவத்துக்கு ஏற்ப மாற்றியது அது. அந்த வரிசையைப் பிடித்தால் பேச்சு சுற்றாது.

பொது வார்டில் எனக்கு உண்மையான கவலை ரகசியம்தான். பக்கத்துக் கட்டிலுக்கு இரண்டடிதான் தூரம், போதாததற்குப் பார்க்க வந்த உறவினர்கள். எச்ஐவி நிலை, கருக்கலைப்பு, மனநல மருந்து, டாக்டர் இன்னும் சொல்லாத பயாப்சி முடிவு, இவற்றைப் பற்றிக் கட்டிலருகே பேச்செடுக்கக் கூடாது. ஸ்டேஷனிலேயே முதலில் பேசிவிடுங்கள். எச்ஐவி நிலையை அப்படி வெளியே விடுவதை 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டமே தடுக்கிறது. அட்மிஷன் அன்றே, "உங்கள் உடம்பைப் பற்றி யார் முன்னால் பேசலாம்?" என்று கேட்டுக் குறித்து வையுங்கள். காலையில் தூங்கினால் எழுப்பலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இன்னொன்று. எல்லாரும் ஓவரில் இருக்கும்போது பாத்ரூம் போக உதவி கேட்டு பெல் அடிப்பவருக்கு யார் போவது? அந்த நேரத்துக்கென ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். காத்துக் கிடந்த கோபம்தான் பிறகு படிவத்தில் ஏறும்.

சிஸ்டர்களின் வருத்தத்தையும் தள்ளிவிடாதீர்கள். டூட்டி முடிந்தும் தினமும் அரை மணி நேரம் நிற்கிறார்கள் என்றால், இரண்டு டூட்டி நேரமும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி அட்டவணையை மாற்றக் கேட்க வேண்டியது நீங்கள்தான். இரவு ஓவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓவருக்கும் அடிக்கடி நேரில் போய் நில்லுங்கள். பழைய பழக்கம் முதலில் திரும்பி வருவது அங்கேதான்.