பாட்டிலுக்குள்ள ஜெல்லி பண்ற வேலை

கேள்வி: சார், தேனி பக்கம் வீட்டோட சேர்த்து சின்னதா டிஷ்யூ கல்ச்சர் லேப் வச்சிருக்கோம், பாட்டில்ல சத்துக் கரைசலை (மீடியா) ஜெல்லியா உறைய வச்சு அதுல கன்னு வளர்க்கறது, ஜி-9 ரக வாழைதான். இவ்ளோ நாளா உறைய வைக்க லிட்டருக்கு 7 கிராம் அகார் போட்டோம், விலை கட்டுப்படியாகலைனு அதே மாதிரி உறைய வைக்கற ஜெல்லன் கம்முக்கு மாறினோம், 2 கிராம் போதும்னாங்க. குருத்து வேகமா வருது, ஆனா இலையெல்லாம் நீர் கோத்துக்கிட்டு கண்ணாடி மாதிரி இருக்கு, தொட்டா உடையுது. என்ன நோய் சார் இது?

பதில்: நோயே இல்லம்மா, செடி தண்ணி குடிச்சு ஊதிப்போயிருக்கு. விட்ரிஃபிகேஷன்னு சொல்வாங்க. நம்மள்ல நிறைய பேர் ஜெல்லினா செடி சாயாம நிக்கறதுக்கு ஒரு தாங்கல்னு மட்டும் நினைச்சுக்கறோம், ஆனா செடிக்கு எவ்ளோ தண்ணி எவ்ளோ சுலபமா கிடைக்கணும்னு முடிவு பண்றதே அதுதான். அகார் தண்ணியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கும், ஜெல்லன் தாராளமா விட்டுடும், அதான் வளர்ச்சியும் வேகம் இந்தக் கோளாறும் ஜாஸ்தி. அளவை 2.5, 3 கிராம்னு படிப்படியா ஏத்திப் பாருங்க, குருத்து கிளம்பறதுக்குப் போடற BAP ஹார்மோனையும் ஒரு படி குறைங்க, மூடிக்குள்ள ஆவி கட்டி சொட்டாம காத்து போற மூடியா மாத்துங்க. அதுக்குன்னு கல்லு மாதிரி இறுக்கிடாதீங்க, தண்ணியும் சத்தும் மேல ஏறாம குருத்து அப்படியே நின்னுடும். சில பேர் அகாரையும் ஜெல்லனையும் பாதிப் பாதி கலக்கறாங்க, எனக்கும் அதுதான் பிடிச்ச வழி.

இன்னொண்ணு, ஜெல்லன் உறையறதுக்கு கால்சியம், மெக்னீசியம் உப்பு வேணும். மீடியால உப்பைப் பாதியாக்கினா ஜெல்லும் இளகும், அதை மறந்துட்டு கம்பெனிக்காரனைத் திட்டாதீங்க. நல்லதும் இருக்கு, கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கறதால பாக்டீரியா வந்தா அடியிலயே வெள்ளையா தெரிஞ்சிடும்.

கேள்வி: நான் ராமநாதபுரம், பாட்டனி படிக்கிறேன். எங்க ஊர் பாசியில இருந்துதானே அகார் எடுக்கறாங்க, அப்ப மளிகைக்கடை கடல்பாசியையே போட்டா என்ன சார்?

பதில்: ஆமா தம்பி, உங்க ஊர் பொம்பளைங்க கடல்ல முங்கி எடுக்கற மரிக்கொழுந்து பாசியில இருந்து அகார் எடுக்கறாங்க, கஞ்சிப்பாசியில இருந்தும் எடுப்பாங்க. கடைல விக்கறதும் அகார்தான், காலேஜ்ல பழகறதுக்குத் தாராளமா போடலாம். ஆனா அது சாப்பிடறதுக்குன்னு பண்ணது, உப்பும் கசடும் எவ்ளோ இருக்கும்னு தெரியாது, பாக்கெட்டுக்கு பாக்கெட் இறுக்கமும் மாறும். போன மாசம் நல்லா வந்த செடி இந்த மாசம் ஏன் வரலைனு ஹார்மோனைப் போட்டு மாத்திட்டே இருப்பீங்க, காரணம் ஜெல்லியா இருக்கும். புது பாக்கெட் உடைச்சா முதல்ல பத்து பாட்டில் மட்டும் ஊத்திப் பாருங்க.

கேள்வி: அகாருக்குப் பதிலா இசப்கோல் உமி போடலாமா?

பதில்: போடலாம், லிட்டருக்கு 30 கிராம் கிட்ட பிடிக்கும். கொட்டினதும் கட்டி கட்டியா ஆயிடும், விடாம கலக்கணும், ஊத்தறதுக்குள்ளயே உறைய ஆரம்பிச்சுடும். எனக்குப் பொறுமை இல்ல.

கேள்வி: ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி கொல்ற குக்கர்) இருந்து எடுத்த மீடியா கூழா நிக்குது சார், அகார் போலியா?

பதில்: முதல்ல pH, அதாவது புளிப்பு அளவு பாருங்க, எண் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி. 5.8 வச்சுதானே ஏத்தினீங்க? 5-க்குக் கீழ போயிட்டா 121 டிகிரி சூட்டுல அமிலம் அகாரையே சிதைச்சிடும், அப்புறம் எவ்ளோ ஆற வச்சாலும் பாயசம்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே இப்படி ஒரு நாள் மீடியா மொத்தத்தையும் சாக்கடைல ஊத்தியிருக்கேன், மீட்டர் ரிப்பேர்னு யாருக்கும் தெரியல, பழி மட்டும் அகார் மேல.

pH சரியா இருந்தும் உறையலைனா கரி போட்டீங்களான்னு யோசிங்க, ஆக்டிவேட்டட் சார்கோல் சேர்த்தா அகார் கொஞ்சம் கூடவே வேணும்.